முழங்காலுக்குப் பின்னால் ஒரு வார்

"ஆடாம உட்காருங்க தாத்தா."

"நான் எங்கடா ஆடறேன்? இந்தக் காலுக்கு ஆடத் தெரிஞ்சிருந்தா எப்பவோ சினிமாவுக்குப் போயிருப்பேன்."

காலை வெயில் கூடத்துக்குள் பாதி வந்திருந்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தரையில் மண்டியிட்டு அவருடைய வலது முழங்காலின் பின்பக்கத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தேன். வலது முழங்கால் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. தொடையில் பாதிக்குக் கீழே அவருடைய சொந்தக் கால் போரில் போய்விட்டது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் மரம், இரும்பு, தோல்.

நடக்கும்போது அந்தக் கட்டைக்கால் முன்னால் வீசி அளவுக்கு மேல் நீண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள, முழங்காலுக்குப் பின்னால் ஒரு தோல் வார் உண்டு. அது நைந்துபோயிருந்தது. அதனால் எட்டு வைக்கும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம். "நான் தெருமுனையில திரும்பறப்பவே உங்கம்மா அடுப்புல பாலை வெச்சுடறா. ரகசியமா ஒரு இடத்துக்குப் போய்ட்டு வர முடியல" என்று அலுத்துக்கொண்டார். அவர் ரகசியமாகப் போன இடம் எனக்குத் தெரிந்து முடிதிருத்தும் கடை ஒன்றுதான்.

"அந்தக் காலைச் செஞ்சு குடுத்த இடத்துக்கே கொண்டு போங்களேன்" என்று என் மனைவி முதலிலேயே சொன்னாள்.

"அங்கே போனா மாசக்கணக்குல காத்திருக்கணும். ஒரு வார்தானே? நான் என்ன தொழில் பண்றேன்னு உனக்கு மறந்துபோச்சா?"

"மறக்கல. அதனாலதான் சொல்றேன்."

நான் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவன். தேவைப்பட்டால் சோபாவும் தைப்பேன். தோல், ரெக்சின், ஸ்பாஞ்ச் எல்லாம் என் கை சொன்னபடி கேட்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று நானாகச் சொல்கிறேன். வீட்டில் விசாரித்தால் வேறு அளவு சொல்வார்கள்.

அளந்து முடித்ததும் தாத்தா இடுப்புப் பட்டையைத் தளர்த்திக் காலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வழக்கம்போல முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு வாசற்கதவைப் பார்த்தார். வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் அவரைக் கால் இல்லாமல் பார்த்ததில்லை. கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து அவரே உரத்த குரலில், "அவர் வீட்டுல இல்லை!" என்பார். பால்காரரிலிருந்து வரி வசூலிக்க வருகிறவர் வரை எல்லாருக்கும் அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். "சரிங்க, அவர் வந்தா சொல்லுங்க" என்று அதே மரியாதையோடு சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரே சேர்ந்து நடத்திய நாடகம் அது.

"சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்துடறேன் தாத்தா."

"மெதுவா வா, சீட்டுக்காரா. யாராவது வந்தா நான் இல்லைன்னு நானே சொல்லிக்கறேன்."

சோபா தைத்ததில் மிஞ்சிய பூப்போட்ட துணியில் காலைச் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் அன்று வேறு வேலை இருந்தது. ஒரு வாடகைக் காரின் முழு சீட்டும் பிரித்துப் போட்டபடி கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தாத்தாவின் காலை மேஜைமேல் கிடத்தினேன். பழைய வார் தொட்டாலே உதிர்ந்தது. அதற்குப் பதில் தோல் போட்டால் மறுபடி நையும் என்று யோசித்தபோதுதான் அந்த அருமையான எண்ணம் வந்தது. என் அருமையான எண்ணங்களைப் பற்றி என் மனைவி தனியாக ஒரு கதை எழுதலாம். உடைத்துப்போட்ட காரிலிருந்து கழற்றிய சீட் பெல்ட் பட்டை ஒன்று மூலையில் கிடந்தது. மோதினாலும் ஆளைப் பிடித்து நிறுத்துகிற பட்டை. இதைவிட உறுதியானது எது? அளந்த அளவுக்கு வெட்டி, இரட்டையாக மடித்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தேன். பழைய வார் திருகாணியில் நின்றது. திருகாணி லூஸாகும் என்று நான் ரிவிட் அடித்தேன். வேலை முடிந்ததும் கொஞ்சம் தள்ளி நின்று ரசித்தேன். இனி மரம் மக்கினாலும் இந்த வார் மக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

அம்மா. "தாத்தா நாற்காலியிலேயே தூங்கிட்டார்டா" என்றாள். அவள் அப்படிச் சொன்ன விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், "எழுப்பாதே, தூங்கட்டும்" என்றேன். அந்த நேரத்திலும் நான் யோசனை சொல்லத் தவறவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இதயம் நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றாராம். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். பூப்போட்ட துணிப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி நான் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த நேரத்துல கைக்குழந்தையோட யார் வந்திருக்காங்க?" என்று யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது.

அம்மா தாத்தாவின் இடுப்புக்குக் கீழே இரண்டு போர்வை போட்டிருந்தாள். டாக்டரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. என்னைப் பார்த்ததும் அழவில்லை. "கொண்டு வந்தியா?" என்றுதான் கேட்டாள்.

"கொண்டு வந்தேன்மா."

"சரியா இருக்கா?"

"புதுசு மாதிரி இருக்கு."

"அப்பா சொல்லியிருக்கார்ல? போறப்ப ரெண்டு காலோட அனுப்புங்கன்னு. வேற எதுவும் அவர் நம்மகிட்ட கேட்டதில்லை."

உண்மைதான். அவர் எதையும் கேட்டதில்லை. போரைப் பற்றியும் எதுவும் சொன்னதில்லை. காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில் வைத்திருந்தார். சின்னப் பிள்ளைகளிடம் முதலை என்பார். பேங்கில் ஒருமுறை, "அடமானத்துல இருக்கு" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் என் பங்குக்கு அவரைப் பெரிய வீரராக்கி வைத்திருந்தேன். எதிரிகளின் விமானத்தை அவர் சுட்டு வீழ்த்திய கதையை வகுப்பில் தவணை முறையில் சொல்லிவந்தேன். அதை நம்பிய தலைமையாசிரியர் அவரைப் பேச அழைத்துவிட்டார். மேடையேறிய தாத்தா ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் பட்டாளத்துல தண்ணி லாரி ஓட்டினவன். வண்டி கண்ணிவெடியில ஏறிடுச்சு. கொண்டு போன தண்ணி பூரா கொட்டிப் போச்சு. எல்லாரும் நல்லாப் படிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அடுத்த வாரம் முழுக்க வகுப்பில் என் பெயர் 'தண்ணி லாரி'. அவருக்கு அது தெரிந்து, "பரவால்லடா, விமானத்தைவிட லாரிக்கு மைலேஜ் அதிகம்" என்றார்.

மறுநாள் காலை ஆட்கள் வருவதற்கு முன்பு நானும் அம்மாவும் என் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குச் சட்டையும் பேன்ட்டும் போட்டோம். காலை மாட்டி இடுப்புப் பட்டையை இறுக்கினோம். அப்போதுதான் பார்த்தேன், அது நீளவில்லை. இடது கால் கட்டிலில் நேராகக் கிடந்தது. வலது முழங்கால் மட்டும் மடங்கி மேலே எழும்பி நின்றது. அழுத்தினேன். கொஞ்சம் இறங்கி, கையை எடுத்ததும் மறுபடி எழும்பியது.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"புது வார். அப்படித்தான் இருக்கும். போகப் போக லூஸாயிடும்."

சீட் இறுக்கமாக இருக்கிறது என்று வரும் எல்லா வாடிக்கையாளர்களிடமும் நான் சொல்கிற பதில் அது. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. போகப் போக! சொன்ன பிறகுதான் யாரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று உறைத்தது. அம்மா அந்த முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தாள். அதற்குள் வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிட்டன.

வந்தவர்களுக்கு அது விகற்பமாகத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. "எவ்வளவு ஹாயா படுத்திருக்கார் பாருங்க" என்றார் ஒருவர். "கவலை இல்லாத மனுஷன். காலை மடக்கிப் போட்டுட்டுப் போய்ட்டார்" என்றார் இன்னொருவர். நான் தலைமாட்டில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். நடுநடுவே யாரும் பார்க்காதபோது முழங்காலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தேன். துக்கம் தாங்காமல் பேரன் காலைப் பிடித்துக்கொள்கிறான் என்று நினைத்து ஒரு பாட்டியம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

பிறகு பீரங்கி வந்தார். தாத்தாவோடு படையில் இருந்தவர். சொந்தப் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் போனில் பேசினால் போன் எதற்கு என்று தோன்றும், அதனால் தாத்தா வைத்த பெயர். தடியை ஊன்றி உள்ளே வந்து, தாத்தாவின் முகத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு நாங்க தண்ணிக்காகக் காத்துட்டு இருந்தோம்" என்றார். அவருக்கு அது மெதுவான குரல். தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது. "வெயில்னா அப்படி ஒரு வெயில். நாக்கு ஒட்டிக்கிச்சு. நாள் பூரா இவனைத்தான் திட்டிட்டு இருந்தேன். எங்கயாவது நிழல்ல வண்டியை நிறுத்திட்டுத் தூங்கறான்னு. மறுநாள்தான் விஷயம் தெரியும். ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தா, எந்திரிக்கப் பார்க்கறான். என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா? 'தண்ணி வந்துச்சாடா?'ன்னு."

அம்மா அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

சவப்பெட்டியோடு பெட்டிக்காரர் வந்தபோது கூடம் நிறைந்திருந்தது. தூக்கிப் பெட்டிக்குள் வைத்தோம். அம்மா தலையணையையும் மறக்காமல் முழங்காலுக்கு அடியில் வைத்தாள். மூடியைக் கொண்டுவந்து வைத்த பெட்டிக்காரர் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். எடுத்தார். தலையணையை உருவிவிட்டு மறுபடி வைத்தார். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சார், மூடி உட்கார மாட்டேங்குது" என்றார்.

"வேற பெரிய பெட்டி இருக்கா?"

"நீளத்துல பெரிசு இருக்கு சார். உயரத்துல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை." பிறகு தாழ்ந்த குரலில், "அது கட்டைக்கால்தானே? கழட்டிப் பக்கத்துல வெச்சுடலாமே" என்றார்.

தாழ்ந்த குரல்தான். ஆனாலும் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "கூடாது" என்றாள். "அவரைக் கால் இல்லாம யாரும் பார்க்கக் கூடாது. ரெண்டு காலோடதான் போகணும்." எல்லாரும் அந்த முழங்காலையே பார்த்தார்கள். நாங்கள் காலையிலிருந்து மறைத்து வைத்திருந்த விஷயம் இப்போது கூடத்தின் நடுவில் எழுந்து நின்றது.

என் மனைவி என் காதருகே வந்தாள். "அளவு எப்படி எடுத்தீங்க?"

"டேப்பாலதான்."

"அது தெரியும். நிக்க வெச்சு எடுத்தீங்களா?"

உட்கார வைத்து எடுத்தேன். இத்தனை வருடத் தொழிலில் என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் உட்காருகிறவர்கள். உட்கார்ந்தால் எங்கே மடிகிறது, எங்கே அழுத்துகிறது என்று பார்த்தே பழகியவன் நான். முழங்கால் மடங்கியிருக்கும்போது பின்னால் இருக்கும் தூரம் குறைவு, எழுந்து நின்றால் அது கூடும் என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை. தாத்தாவின் காலை நான் ஒரு கார் சீட்டுக்குத் தைப்பது போலத் தைத்திருக்கிறேன். அவர் உயிரோடு இருந்து இதை மாட்டியிருந்தால் சாகும்வரை உட்கார்ந்தே இருந்திருக்க வேண்டும்.

மனைவியின் உதடு துடித்தது. அது அழுகையா சிரிப்பா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வாரை அறுத்தா நீண்டுடும்" என்றேன் அம்மாவிடம். "ஆனா பேன்ட்டைத் தொடை வரைக்கும் சுருட்டணும்."

அம்மா சுற்றிலும் பார்த்தாள். கூடத்தில், நடையில், ஜன்னலுக்கு வெளியே எல்லாம் ஆட்கள். பெட்டியை அறைக்குள் கொண்டுபோகக் கதவின் அகலம் போதாது. வெளியே போங்கள் என்று யாரிடம் சொல்வது? போனவர்கள் ஜன்னல் வழியே பார்க்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

பீரங்கி தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டினார்.

"எல்லாரும் திரும்பி நில்லுங்க!"

அந்தக் குரலுக்கு ஏன் எதற்கு என்று கேட்கத் தோன்றாது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பெட்டிக்காரர் மூடியைக் கையில் பிடித்தபடியே சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஜன்னலில் தெரிந்த முகங்கள் தலையின் பின்பக்கங்களாக மாறின. எதிர்வீட்டுக்காரர் அலமாரிக்கு நேரே மாட்டிக்கொண்டு அதிலிருந்த தட்டுகளைப் பார்த்து நின்றார். கடைசியாகப் பீரங்கியும் தடியை ஊன்றி மெதுவாகத் திரும்பினார்.

"ம், வேலையைப் பாரு" என்றார் சுவரிடம்.

அம்மாவும் நானும் பேன்ட்டைச் சுருட்டினோம். மனைவி வீட்டுக் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். அது சீட் பெல்ட் பட்டையில் வழுக்கி வழுக்கிப் போனது. இரட்டை மடிப்பு, குறுக்கும் நெடுக்கும் தையல், போதாததற்கு ரிவிட். சமையலறையிலிருந்து கத்தி வந்தது. ரம்பம் போல அறுக்க ஆரம்பித்தேன். கரகர என்ற சத்தம் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. இவ்வளவு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, என் சொந்த வேலைத்திறனோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"இன்னும் ஆகலையா?" என்றார் பீரங்கி.

"கொஞ்ச நேரம்."

"என்னத்தைடா தைச்சு வெச்சிருக்கே? பாலமா?"

"நல்ல வேலைக்காரன்" என்றது சுவரோரம் ஒரு குரல். "என் காருக்கும் இவர்தான் தைச்சார். இன்னும் கிழியல."

வாழ்நாளில் என் தொழிலுக்குக் கிடைத்த அந்த ஒரே பொதுப் பாராட்டை ஏற்றுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. அம்மா தாத்தாவின் முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். மரத்துக்கு வலிக்கும் என்பது போல, "கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா, ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறுத்தேன். கண்ணீரா வியர்வையா என்று யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் திரும்பித்தானே நின்றார்கள்.

கடைசி இழை அறுந்தது. கால் நீண்டது.

'டொக்.'

அத்தனை பேருக்கும் தெரிந்த சத்தம். தெருமுனையிலிருந்து வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியது. கூடத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் விசும்பினார். ஆனால் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

நாங்கள் பேன்ட்டை இறக்கி மடிப்பைச் சரிசெய்தோம். அம்மா இரண்டு பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்தாள். ஷூக்களின் நுனி சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"ஆச்சு" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். தாத்தா நேராகப் படுத்திருந்தார். பெட்டிக்காரர் மூடியை வைத்தார். அது சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

வண்டி கிளம்பும்போது பீரங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். "முதுகு காட்டறது எங்க பட்டாளத்துல பெரிய குத்தம் தெரியுமா?" என்றார். "இன்னிக்குத்தான் நானே உத்தரவு போட்டுக் காட்ட வெச்சிருக்கேன். அவன் எந்திரிச்சா என்னைச் சும்மா விடமாட்டான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. என் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நானும் அவரைப் பிடித்துக்கொண்டேன். யார் யாரைத் தாங்கினோம் என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு வீட்டில் சில பொருள்கள் இடம் மாறின. அவருடைய துணிகளைக் கொடுத்துவிட்டோம். நாற்காலியை அம்மா தன் அறைக்குக் கொண்டுபோனாள். கூடத்துச் சுவரில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும், அவர் உட்கார்ந்து சவரம் செய்துகொள்வதற்காக அடித்த ஆணியிலேயே தொங்குகிறது. தலை சீவ நாங்கள் குனிகிறோம்.